எல்லாருக்கும் வந்துடுச்சு, உங்க போன்ல மட்டும் புது வசதி வரலையா? என்ன பண்ணலாம், எதப் பண்ணவே கூடாது

ஈரோட்ல எங்க அக்கா தையல் கடை வச்சிருக்காங்க. கடைக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர், ரெண்டுக்கும் ரெண்டு போன், ரெண்டும் மெஷின் மேலதான் கெடக்கும். கஸ்டமருங்க அளவ வாய்ஸ் நோட்ல சொல்லி அனுப்புவாங்க, "அக்கா, ஷோல்டர் பதினாலு, கை நீளம் பத்து, முன் கழுத்து ஏழு இறக்கம்"னு, கூடவே கழுத்து டிசைன் போட்டோ நாலு. ரெண்டு நம்பரையும் ஒரே ஆப்ல வச்சுக்கலாம்னு ஒரு சாட் ஆப் அறிவிச்சப்ப அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். பேப்பர்ல போட்டாங்க, டிவில சொன்னாங்க, பக்கத்து மெடிக்கல் ஷாப் பையன் போன்ல வந்தே வந்துடுச்சு. அக்கா போன்ல மட்டும் வரல. ஒரு வாரம் பாத்தாங்க, ரெண்டு வாரம், ஒரு மாசம், தினமும் காலைல கடை தொறந்ததும் செட்டிங்ஸ்குள்ள போய் பாத்துட்டுதான் மத்த வேலை.

அப்பதான் யாரோ சொல்லியிருக்காங்க, ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போட்டா உடனே வந்துடும்னு. போட்டாங்க. பழைய சாட்ட மீட்டு எடுக்கற அந்தப் பச்சைக் கோடு மெதுவா ஓடி முடிஞ்சப்ப கடைசி மெசேஜோட தேதி மூணு மாசம் முன்னாடி நின்னுச்சு. க்ளவுட்ல இடம் நிரம்பிப்போய் மூணு மாசமா பேக்கப்பே நடக்கல, அத யாரும் கவனிக்கல. ஆவணி முகூர்த்தத்துக்கு எடுத்து வச்சிருந்த ஆர்டர், முப்பது பேருக்கு மேல, அத்தன பேர் அளவும் போச்சு. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு "அளவு பிளவுஸ் ஒண்ணு குடுத்து விடுங்க கண்ணு"ன்னு கேட்டாங்க. எந்த வசதிக்காக இவ்வளவும் பண்ணாங்களோ அதுவும் வரல.

நான் சாப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன், இந்த ரோல்அவுட், அதாவது புது வசதிய படிப்படியா எல்லாருக்கும் விடற சமாச்சாரத்த உள்ள இருந்து பாக்கறவன். அக்காவோட போன கையில வாங்கிப் பாத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன், அன்இன்ஸ்டால் பண்றதுனால இங்க ஒரு பிரயோஜனமும் இல்லன்னு. அந்த ஆதங்கத்துலதான் இத எழுதறேன், உங்கள்ல ஒருத்தராவது அந்த பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி இதப் படிக்கணும்.

ஒரு புது வசதி உங்க கைக்கு வரணும்னா நாலு கதவு தொறக்கணும். உங்க போன்ல இருக்கற ஆப் புது வெர்ஷனா இருக்கணும். அந்த வெர்ஷன ஸ்டோர் உங்களுக்குக் குடுக்கணும். கம்பெனியோட சர்வர்ல உங்க அக்கவுன்டுக்கு ஸ்விட்ச் போட்டிருக்கணும். உங்க நாட்டுக்கும் உங்க அக்கவுன்ட் வகைக்கும் அனுமதி இருக்கணும். எந்தக் கதவு சாத்தியிருக்குன்னு கண்டுபுடிக்கறதுதான் மொத வேலை, ஏன்னா நாலுக்கும் வைத்தியம் வேற வேற.

கண்டுபுடிக்கறது ரொம்ப ஈசி. வசதி வந்துட்ட ஒருத்தர் போனையும் உங்க போனையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, ரெண்டும் ஆண்ட்ராய்டா இல்ல ரெண்டும் ஐபோனா இருக்கணும். ஆண்ட்ராய்டுன்னா செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுல அந்த ஆப்ப தொட்டுட்டு கடைசி வரைக்கும் கீழ போங்க, அங்க வெர்ஷன்னு ஒரு நீள நம்பர் இருக்கும். ஐபோன்னா செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ், அங்க ஆப் பேரத் தொட்டா பேருக்குக் கீழயே வெர்ஷன் காட்டும். உங்க நம்பர் அவங்க நம்பர விட சின்னதுன்னா உங்க பிரச்சனை மொத ரெண்டு கதவுல. நம்பர் ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருந்து அவங்களுக்கு வசதி தெரியுது உங்களுக்குத் தெரியலன்னா அது சர்வர் ஸ்விட்ச்சு, இல்லன்னா நாடு, அக்கவுன்ட் விஷயம். அப்ப உங்க போன்ல என்ன பண்ணாலும் ஒண்ணும் நடக்காது. அக்காவுக்கும் மெடிக்கல் ஷாப் பையனுக்கும் வெர்ஷன் நம்பர் ஒண்ணேதான், நான் அப்புறமா பாத்தேன்.

நம்பர் சின்னதா இருக்கறவங்க கவலப்படாதீங்க, இது நம்ம கையில இருக்கற பிரச்சனை. நெறைய பேர் வீட்ல வைஃபை கெடையாது, தினசரி டேட்டா பேக்லதான் ஓட்டறாங்க, ஆனா ப்ளே ஸ்டோர் வழக்கமா வைஃபை இருந்தாத்தான் தானா அப்டேட் பண்ணும், அதனால மாசக்கணக்குல பழைய ஆப்பாவே கெடக்கும், ஓனருக்கும் தெரியாது. ப்ளே ஸ்டோர்ல மேல உங்க போட்டோவ தொட்டு செட்டிங்ஸ், நெட்வொர்க் ப்ரிஃபரன்சஸ், ஆட்டோ அப்டேட் ஆப்ஸ், அங்க எந்த நெட்வொர்க்கா இருந்தாலும்ங்கறத வச்சுக்கோங்க. டேட்டா கம்மியா இருக்கறவங்க இத மாத்த வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவ வேணுங்கற ஆப்ப மட்டும் தேடிப்போய் அப்டேட் பண்ணிக்கோங்க. போன்ல இடம் நிரம்பியிருந்தாலும் அப்டேட் சத்தமில்லாம நின்னுடும், அதையும் ஒரு பார்வ பாத்துடுங்க.

ரெண்டாவது கதவு, அதாவது ஸ்டோர். இதுல ஐபோன்காரங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு, பல பேருக்குத் தெரியறதில்ல. ஆப்பிள்ல டெவலப்பருங்க ஒரு அப்டேட்ட ஏழு நாளா பிரிச்சு விடலாம், மொத நாள் 1 சதவீதம், அப்புறம் 2, 5, 10, 20, 50, ஏழாவது நாள் 100. ஆனா இந்தக் கணக்கு தானா அப்டேட் ஆகட்டும்னு விட்டவங்களுக்கு மட்டும்தான். நீங்களே ஆப் ஸ்டோருக்குள்ள போய் உங்க போட்டோவ தொட்டு அந்தப் பக்கத்த கீழ இழுத்து ரெஃப்ரெஷ் பண்ணி அப்டேட்ட அமுக்கினா மொத நாளே கெடச்சுடும். ஆண்ட்ராய்டுல இந்த வழி கெடையாது. ப்ளே ஸ்டோர்ல எத்தன சதவீதம், எத்தன நாள்னு டெவலப்பரே முடிவு பண்ணுவாரு, யாருக்குப் போகணும்னு கூகுள் குலுக்கல் மாதிரி எடுக்கும், அந்தக் குலுக்கல்ல நீங்க இல்லன்னா அப்டேட் பட்டனே வராது. ஆனா ஒவ்வொரு வெர்ஷனுக்கும் புதுசா குலுக்கறாங்க, அதனால இந்தத் தடவ கடைசில வந்தவர் அடுத்த தடவ முன்னாடி வரலாம்.

இப்ப முக்கியமான மூணாவது கதவு. நம்மள்ல பாதிப் பேர் மாட்டிக்கிட்டு முழிக்கறது இங்கதான். புது வசதிக்கான ப்ரோக்ராம் உங்க போன்ல இருக்கற ஆப்புக்குள்ள ஏற்கனவே வந்து உக்காந்திருக்கும், தூங்கிட்டு இருக்கும். ஆப் தொறக்கறப்ப சர்வர்கிட்ட "இவருக்கு எது எது ஆன்"னு கேக்கும், சர்வர் ஒரு லிஸ்ட் அனுப்பும், அந்த லிஸ்ட்ல ஆன்னு வந்தாத்தான் பட்டன் கண்ணுக்குத் தெரியும். யாருக்கு ஆன் பண்றதுன்னு எப்படி முடிவு பண்றாங்கன்னா, பெரும்பாலும் உங்க அக்கவுன்ட் அடையாளத்த ஒரு கணக்குல போட்டு 0-லருந்து 99-க்குள்ள ஒரு எண்ணா மாத்திக்குவாங்க. 5 சதவீதம் பேருக்குன்னா 0 முதல் 4 வரைக்கும் வந்தவங்களுக்கு ஆன். 20 சதவீதத்துக்கு ஏத்தினா 19 வரைக்கும். உங்க எண் 97-ன்னா கடைசி வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான். போன் விலை, சிம் கம்பெனி, நீங்க எத்தன வருஷமா யூஸ் பண்றீங்க, இது எதுவும் இந்தக் குலுக்கல்ல கிடையாது. அந்த எண் சர்வர்ல கணக்காகுது, அதே அக்கவுன்டுக்கு எத்தன தடவ போட்டாலும் அதே எண்தான் வரும். ஆப்ப நூறு தடவ அழிச்சுப் போட்டாலும் 97 97-தான். வேற வசதி வர்றப்ப கணக்கையும் கொஞ்சம் மாத்திப் போடுவாங்க, அப்ப உங்களுக்கு 3 கெடைக்கலாம்.

இன்னொண்ணும் இருக்கு, பல கம்பெனிங்க ஒரு சின்ன கூட்டத்த வேணும்னே வசதி இல்லாம வச்சிருப்பாங்க, வசதி இருக்கறவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் என்ன வித்தியாசம்னு அளந்து பாக்கறதுக்காக. ஊரே பேசி முடிச்ச பிறகும் உங்களுக்கு மட்டும் ரெண்டு மாசமா வரலன்னா நீங்க அந்தக் கூட்டத்துல இருக்கலாம்.

ஸ்விட்ச் விஷயத்துல நம்மளால பண்ண முடியற சின்ன வேலை ஒண்ணே ஒண்ணு. ஆப் அந்த லிஸ்ட்ட எப்பவும் கேட்டுட்டே இருக்காது. நெறைய ஆப் பயன்படுத்தற ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக்ங்கற கூகுளோட ஸ்விட்ச் சேவைல வழக்கமா விட்டிருக்கற இடைவெளி 12 மணி நேரம், அதாவது ஸ்விட்ச் காலைல போட்டிருந்தாலும் உங்க ஆப்புக்கு ராத்திரிதான் தெரியலாம். அதனால நெட் ஆன்ல வச்சு, ஆப்ப ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணி, திரும்பத் தொறந்துட்டு, மறுநாள் காலைல இன்னொரு தடவ அதையே பண்ணிப் பாருங்க. அவ்வளவுதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பண்ணா பேட்டரிதான் போகும்.

இந்த இடத்துல கண்ண நல்லா தொறந்து பாக்கணும். ஆண்ட்ராய்டுல ஆப்போட ஸ்டோரேஜ் பக்கத்துல ரெண்டு பட்டன் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். ஒண்ணு க்ளியர் கேஷ், இன்னொண்ணு க்ளியர் டேட்டா, சில போன்ல க்ளியர் ஸ்டோரேஜ்னு இருக்கும். கேஷ்ங்கறது ஆப் வேகமா ஓட தற்காலிகமா சேத்து வச்சிருக்கறது, அது போனா ஒண்ணும் ஆகாது. டேட்டாவ அமுக்கினா ஆப்புக்குள்ள இருக்கற சாட், செட்டிங்ஸ், லாகின் எல்லாம் தொடச்சு எடுத்துடும், அன்இன்ஸ்டால் பண்ணின மாதிரியேதான். யாராவது "க்ளியர் பண்ணுங்க சரியாயிடும்"னு பொத்தாம்பொதுவா சொன்னா எந்த க்ளியர்னு கேளுங்க. ஐபோன்ல இடம் இல்லாம ஆப்ப எடுத்தே ஆகணும்னா டெலீட்டுக்குப் பதிலா ஆஃப்லோட் ஆப்னு இருக்கறத அமுக்குங்க, அதுல ஆப் போகும், டேட்டா இருக்கும்.

நாலாவது கதவுக்கு நம்ம ஊர்லயே பெரிய உதாரணம் இருக்கு. வாட்ஸ்அப்ல பணம் அனுப்பற வசதி 2018 பிப்ரவரில சோதனைக்குன்னு சுமார் 10 லட்சம் பேருக்கு வந்துச்சு. அப்புறம் ரொம்ப நாள் நகரவே இல்ல. 2020 நவம்பர்ல யுபிஐய நடத்தற என்பிசிஐ அனுமதி குடுத்துச்சு, அதுவும் மொதல்ல 2 கோடி பேர் வரைக்கும்தான்னு. 2021-ல 4 கோடி ஆச்சு, 2022 ஏப்ரல்ல 10 கோடி, 2024 டிசம்பர் 31-ம் தேதிதான் அந்த வரம்பையே எடுத்தாங்க. கிட்டத்தட்ட ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் வரிசைல நின்னவங்க போன்ல ஒரு கோளாறும் கெடையாது. அதே மாதிரி வாட்ஸ்அப் சேனல்ஸ் 2023 ஜூன்ல கொலம்பியாவுக்கும் சிங்கப்பூருக்கும்தான் மொதல்ல வந்துச்சு, செப்டம்பர்லதான் நம்ம நாடும் சேர்த்து 150-க்கு மேல நாடுகளுக்குப் போச்சு. சிங்கப்பூர்ல இருக்கற மாமா வீட்ல வந்துச்சே இங்க வரலையேன்னு ஜூன் மாசம் போன நோண்டினா என்ன கெடைக்கும்?

அதனால அறிவிப்ப முழுசாப் படிங்க, தலைப்போட நிக்காதீங்க. "இன்று முதல் வெளியாகத் தொடங்குகிறது"ங்கறதும் "அனைவருக்கும் கிடைக்கிறது"ங்கறதும் வேற வேற. அனுப்பின மெசேஜ 15 நிமிஷத்துக்குள்ள திருத்தற வசதிய 2023 மே 22 அன்னிக்கு வாட்ஸ்அப் அறிவிச்சப்ப, வர்ற வாரங்கள்ல எல்லாருக்கும் வரும்னு சேத்துதான் சொன்னாங்க. அந்த 'வாரங்கள்'ங்கற சொல்லு நம்ம காதுக்கு வர்றதுக்குள்ள காணாமப் போயிடுது, செய்தில "வந்துவிட்டது"ன்னு மட்டும்தான் வரும். அறிவிப்புல நாடு பேரு இருக்கா, ஆண்ட்ராய்டா ஐபோனா, காசு கட்டறவங்களுக்கு மட்டுமா, பீட்டா வெர்ஷனா (எல்லாருக்கும் விடறதுக்கு முன்னாடி சோதனைக்கு விடறது), இந்த நாலையும் தேடிப் பாத்துட்டீங்கன்னா பாதிக் காத்திருப்பு அங்கயே தீந்துடும்.

நாட்ட மாத்தி ஏமாத்தலாம்னு விபிஎன் (வேற நாட்ல இருந்து நெட் போடற மாதிரி காட்டறது) போடாதீங்க. நிறைய ஆப் உங்க போன் நம்பரையும் ஸ்டோர் அக்கவுன்ட்டோட நாட்டையும்தான் பாக்கும், விபிஎன் அங்க எடுபடாது. ப்ளே ஸ்டோர் நாட்ட மாத்தினா மறுபடி ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது, பழைய நாட்ல இருக்கற பேலன்ஸும் புது நாட்ல செல்லாது. ஒரு பட்டனுக்காக ஒரு வருஷம் நம்ம ஊர் பேங்க் ஆப் கெடைக்காம திண்டாடணுமா சொல்லுங்க.

ஆபிஸ், காலேஜ் மெயில் வச்சிருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும், ஏன்னா இங்கதான் கேட்டா கெடைக்கற வாய்ப்பு இருக்கு, ஆனா யாரும் கேக்கறதில்ல. கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல ரேப்பிட் ரிலீஸ், ஷெட்யூல்ட் ரிலீஸ்னு ரெண்டு வழி உண்டு, எதுல இருக்கணும்னு உங்க ஆபிஸ் அட்மின்தான் வச்சிருப்பாரு. ஷெட்யூல்ட்ல இருந்தா பல வசதி ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுதான் வர ஆரம்பிக்கும், ஆரம்பிச்ச பிறகும் படிப்படியா விடறதுன்னா 15 நாள் வரைக்கும் ஆகலாம்னு அவங்களே போட்டுடறாங்க. மைக்ரோசாப்ட் 365-லயும் டார்கெட்டட், ஸ்டாண்டர்ட்னு ரெண்டு இருக்கு, டார்கெட்டட்ல இருக்கறவங்களுக்கு முன்னாடியே வரும். அதுல அட்மின் உங்க ஒருத்தர மட்டும்கூட டார்கெட்டட்ல சேக்கலாம், முழு ஆபிஸையும் மாத்தணும்னு இல்ல. அட்மினுக்கு ஒரு மெயில் போடுங்க, இந்த வேலைக்கு இந்த வசதி தேவைப்படுதுன்னு காரணத்தோட கேளுங்க. எனக்குத் தெரிஞ்சு அப்படிக் கேட்டவங்கள்ல நிறைய பேருக்கு அன்னிக்கே கெடச்சிருக்கு.

கம்ப்யூட்டர்ல குரோம்னா கொஞ்சம் சுதந்திரம் இருக்கு. குரோம் கேனரின்னு தனியா ஒண்ணு இறக்கிக்கலாம், உங்க வழக்கமான குரோம் பக்கத்துலயே தனியா இருக்கும், அது உடைஞ்சாலும் இத தொடாது. கேனரிங்கற பேரே நிலக்கரிச் சுரங்கத்துல விஷ வாயு இருக்கான்னு பாக்க கொண்டுபோன சின்னக் குருவியோட பேருதான், அதனால அதுல முக்கியமான வேலை வச்சுக்காதீங்க. குரோம்ல சோதனை வசதியெல்லாம் இருக்கற ஃபிளாக்ஸ்ங்கற பக்கத்துக்குப் போய் ஒரு வசதிய நீங்களே ஆன் பண்ணவும் முடியும், ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, எத மாத்தினோம்னு எழுதி வச்சுக்கோங்க. விண்டோஸ் 11-ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே புது அப்டேட்லாம் தயாரானதும் உடனே வேணும்னு சொல்ற ஒரு டாகிள் இருக்கு, அத ஆன் பண்ணா வரிசைல முன்னாடி போவீங்க. சில மெஷினுக்கு டிரைவர் ஒத்துக்காதுன்னு தெரிஞ்சா மைக்ரோசாப்ட்டே பெரிய அப்டேட்ட நிறுத்தி வச்சிருக்கும், அத உடைச்சுக்கிட்டுப் போடாதீங்க.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து"ன்னு சொல்லுவாங்க. இந்த ரோல்அவுட்ல எது பந்தி, எது படைன்னு முன்கூட்டியே தெரியாதுங்கறதுதான் சிக்கல். 2018 அக்டோபர்ல விண்டோஸ் 10-க்கு வந்த பெரிய அப்டேட் சில பேரோட டாக்குமென்ட்ஸ், போட்டோ ஃபைலயே அழிச்சுடுச்சு, நாலே நாள்ல நிறுத்தி நவம்பர் 13-தான் திரும்ப விட்டாங்க. அவசரப்பட்டு தாங்களே போய் அமுக்கி வாங்கினவங்கதான் மொதல்ல அடிபட்டாங்க. 2024 ஜூலை 19-ம் தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஏர்போர்ட்ல போர்டிங் பாஸ கையால எழுதிக் குடுத்த நாள். கம்ப்யூட்டர் பாதுகாப்பு சாப்ட்வேர் செய்யற கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி ஒரு ஃபைல படிப்படியா விடாம எல்லாருக்கும் ஒரே நேரத்துல விட்டுச்சு, 78 நிமிஷத்துல திரும்ப எடுத்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலத் திரையோட நின்னுடுச்சுன்னு மைக்ரோசாப்ட் கணக்கு சொல்லுச்சு. அதுக்கு அப்புறம்தான் இந்த மாதிரி ஃபைலயும் படிப்படியா விடறோம்னு சொன்னாங்க. ஒரு டெஸ்டரா எனக்கு இதப் பத்தி ரெண்டு மனசு கெடையாது, 1 சதவீதம் பேர்கிட்ட தப்பு தெரிஞ்சா அங்கயே நிறுத்திடலாம், அது கோடிப் பேர காப்பாத்துது.

ஆனா காக்க வைக்கறத மறைக்கறாங்க பாருங்க, அதுல எனக்கு நிஜமாவே கோவம். இப்ப எத்தன சதவீதம் பேருக்குப் போயிருக்குன்னு கம்பெனிக்குத் தெரியும், உங்க அக்கவுன்டுக்கு ஆனா ஆஃபான்னும் தெரியும். ஆப்புக்குள்ள "உங்க முறை இன்னும் வரல, இந்த மாசக் கடைசிக்குள்ள வரும்"னு ஒரு வரி போட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு வரி இருந்திருந்தா எங்க அக்கா அன்னிக்கு அந்த பட்டன அமுக்கியிருக்க மாட்டாங்க. 2004 ஏப்ரல் 1 அன்னிக்கு ஜிமெயில் வந்தப்ப அழைப்பு இருந்தாத்தான் உள்ள வர முடியும், அழைப்ப ஈபேல காசுக்கு வித்தாங்க, எல்லாருக்கும் தொறந்தது 2007 பிப்ரவரிலதான். ஆனா ஒண்ணு, அழைப்பு இருந்தா உள்ள, இல்லன்னா வெளிய, நம்ம எங்க நிக்கறோம்னு நமக்குத் தெரிஞ்சுது.

இதையே கம்பெனிக்கும் எழுதுங்க. ஆப்புக்குள்ள ஹெல்ப், காண்டாக்ட் அஸ்னு இருக்கும். "எப்ப வரும்?"னு மட்டும் எழுதினா எந்திரம் ஒரு பதில் அனுப்பிட்டு மூடிடும். இப்படி எழுதிப் பாருங்க: "என் ஆப் வெர்ஷன் இது, போன் மாடல் இது, ஆண்ட்ராய்டு வெர்ஷன் இது, நாடு இந்தியா. இந்தத் தேதில நீங்க அறிவிச்ச வசதி என் அக்கவுன்ட்ல தெரியல. இதே வெர்ஷன் இருக்கற இன்னொரு போன்ல தெரியுது. என் அக்கவுன்டுக்கு இன்னும் ஆன் ஆகலையா, இல்ல என் போன்ல கோளாறான்னு மட்டும் சொல்லுங்க." ஸ்கிரீன்ஷாட் ரெண்டு வைங்க. எங்க டீம்ல இப்படி வர்ற மெசேஜ்தான் எங்க மேஜை வரைக்கும் வரும், சில நேரம் நிஜமாவே பக் இருந்து அதுனால புடிச்சதும் உண்டு.

பீட்டாவுல சேரலாமான்னு கேப்பீங்க. சேரலாம், தெரிஞ்சு சேருங்க. ப்ளே ஸ்டோர்ல ஆப் பக்கத்துல கீழ போனா பீட்டா டெஸ்டரா சேர இடம் இருக்கும், பெரிய ஆப்ல அது எப்பவும் ஃபுல்லாதான் இருக்கும். ஐபோன்ல டெஸ்ட்ஃபிளைட்ங்கற ஆப்பிளோட சோதனை ஆப் வழியா ஒரு ஆப்புக்கு வெளியாள் 10,000 பேர்தான், ஒவ்வொரு சோதனை வெர்ஷனும் 90 நாள்ல காலாவதி. பீட்டாவுக்குப் போனாலும் சர்வர் ஸ்விட்ச் தனிதான், வெர்ஷன் மட்டும் வந்து பட்டன் வராம இருக்கலாம். ஆண்ட்ராய்டுல பீட்டாவ விட்டுட்டு உடனே பழைய வெர்ஷனுக்கு வரணும்னா அன்இன்ஸ்டால் பண்ணித்தான் வரணும், அதனால தொழில் நடக்கற போன்ல வேண்டவே வேண்டாம். வீட்ல பழைய போன் கெடந்தா அதுல வச்சுப் பாருங்க.

வெளிய எங்கயோ கெடைக்கற ஏபிகே ஃபைல, அதாவது ஸ்டோர் வழியா இல்லாம நேரடியா ஆப்ப ஏத்தற ஃபைல, போடறத மட்டும் கனவுல கூட நெனைக்காதீங்க. ஒரிஜினல் ஆப்போட புது வெர்ஷனே கெடச்சாலும் ஸ்விட்ச் சர்வர்ல இருக்கறதால பலன் இல்ல. மாத்தி செஞ்ச ஆப்னா அக்கவுன்ட்டே முடங்கும், ஜிபி வாட்ஸ்அப் மாதிரி அதிகாரபூர்வம் இல்லாததப் போட்டா தடை பண்ணுவோம்னு வாட்ஸ்அப் வெளிப்படையாவே சொல்லுது. புது வசதியோட வாட்ஸ்அப் பிங்க்னு 2021-ல ஒரு லிங்க் சுத்துச்சு, 2023 ஜூன்ல மறுபடி சுத்தி மும்பை போலீஸ் எச்சரிக்கையே விட்டாங்க, அது போன்ல பூந்து திருடற ஆப். காத்திருந்து சலிச்சுப்போனவங்களத்தான் இந்த லிங்க் குறி வைக்குது. தெரியாம அமுக்கி காசு போயிடுச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போடுங்க.

எது பண்றதுக்கு முன்னாடியும் பேக்கப். அது ஆன்ல இருக்கான்னு பாத்தா பத்தாது, கடைசியா எந்தத் தேதில முடிஞ்சுதுன்னு பாருங்க, அந்தத் தேதிதான் முக்கியம். கூகுள் அக்கவுன்ட்ல இலவசமா 15 ஜிபி, மெயிலும் போட்டோவும் ட்ரைவும் அதையே பங்கு போட்டுக்கும், பேரக்கொழந்த வீடியோல பாதி போயிருக்கும். தொழில் விஷயம் சாட்ல மட்டும் இருக்கக் கூடாது. அக்கா இப்ப ஒரு லாங் சைஸ் நோட்டுல பேரு போட்டு அளவ எழுதிட்டுதான் வாய்ஸ் நோட்டுக்கு "சரி கண்ணு"ன்னே பதில் அனுப்பறாங்க.

காத்திருக்கற நேரத்துல அந்த வேலைய வேற எதுலயாவது முடிக்க முடியுமான்னு பாருங்க, பெரும்பாலும் முடியும். அக்காவோட போன்லயே ஒரு ஆப்ப ரெண்டாக்கற வசதி இருந்துச்சு. சாம்சங்ல டூயல் மெசஞ்சர், ஷாவோமில டூயல் ஆப்ஸ், விவோல ஆப் குளோன்னு பேரு, எல்லாம் செட்டிங்ஸ்குள்ளயே இருக்கும், வெளிய இருந்து எதையும் இறக்க வேண்டாம். நான் ஊருக்குப் போனப்ப அத ஆன் பண்ணி கடை நம்பர அதுல போட்டுக் குடுத்தேன். "ஏந்தம்பி, இது இத்தன நாளா இதுக்குள்ளயேவா இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க, எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

போன வாரம் அக்கா போன் போட்டாங்க. காலைல கடை தொறந்து பாத்தா ஆப்ல இன்னொரு அக்கவுன்ட் சேக்கற பட்டன் வந்து நிக்குதுன்னு, மொத நாள் ராத்திரி எந்த அப்டேட்டும் பண்ணல. உடனே மாத்தட்டுமான்னு கேட்டாங்க. ரெண்டாக்கின ஆப்ல இருக்கற சாட் தானா இந்தப் பக்கம் வராதுக்கா, மொதல்ல அதுல பேக்கப் போட்டு இன்னிக்கு தேதி காட்டுதான்னு பாத்து எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க, நடப்பு ஆர்டர் அளவெல்லாம் நோட்டுல இருக்கான்னு ஒரு தடவ சரி பாத்துக்கோங்க, கடை மூடின பிறகு ராத்திரி நம்பர மாத்தலாம், நான் போன்லயே இருக்கேன்னு சொன்னேன்.